இருபத்தாறாவது இடம்: ஹீமோகுளோபின் ஈ பற்றி

யாங்கோன் நடுநகரிலிருந்து கிழக்கே பசுண்டவுங் ஓடையைத் தாண்டினால் தாகேதா. 1958இல் ஆட்சிக்கு வந்த ஜெனரல் நே வினின் இடைக்கால அரசு, ரங்கூனின் குடிசைப் பகுதிகளைக் காலி செய்து அங்கிருந்தவர்களைக் குடியமர்த்த 1959இல் மூன்று புறநகர்களை உருவாக்கியது. வடக்கு ஒக்கலாப்பா, தெற்கு ஒக்கலாப்பா, மூன்றாவது தாகேதா. பர்மியரும் தமிழரும் இன்னும் பலரும் அக்கம்பக்கமாக வாழும் இடம். அக்கம்பக்கமாக வாழ்கிறவர்களிடையே சம்பந்தமும் ஏற்படத்தான் செய்யும். அப்படி ஒரு சம்பந்தத்தில் ஒரே ஒரு மூலக்கூறு என்ன பாடுபடுகிறது என்று பார்ப்பதுதான் இக்கட்டுரை.

பேச்சுக்கு ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். கணவர், கொள்ளுத்தாத்தா காலத்தில் நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்களின் வழி வந்தவர். மனைவி பர்மியப் பெண். இருவருக்கும் சொல்லும்படியான நோய் எதுவும் கிடையாது. எப்போது சோதித்தாலும் அவளுக்கு ‘ரத்தம் கம்மி’ என்று வரும். இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பார்கள். மாதக்கணக்கில் சாப்பிட்டும் எண் ஏறாது. அவருக்கும் எண் சற்றுக் குறைவுதான், ஆனால் ஆண்பிள்ளைக்கு யார் சோதிக்கிறார்கள்? குழந்தை பிறந்து ஐந்தாறு மாதம் வரை நன்றாக இருக்கிறது. பிறகு வெளுக்கத் தொடங்குகிறது. பால் குடிக்கும்போதே களைத்துப்போகிறது. இடப்பக்க விலாவுக்குக் கீழே மண்ணீரல் கையில் தட்டுப்படுகிறது. ரத்தம் ஏற்ற வேண்டும் என்கிறார் மருத்துவர், ஒருமுறை அல்ல, திரும்பத் திரும்ப. “எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்லையே டாக்டர், பிள்ளைக்கு மட்டும் எப்படி?” என்ற கேள்வி யாங்கோன் குழந்தைகள் மருத்துவமனையிலும் எழும், சென்னையிலும் எழும், இலங்கையின் குருநாகலிலும் எழும்.

பள்ளிப் புத்தகம் உயிரியல் பெருமூலக்கூறுகளை நான்கு கட்டங்களாகப் போட்டுக் காட்டும்: புரதம், நியூக்ளிக் அமிலம், மாவுப்பொருள், கொழுப்பு. (கொழுப்பை இதில் சேர்ப்பது வெறும் வசதிக்காக. மற்ற மூன்றையும்போல அது சிறு அலகுகள் கோத்த நீண்ட சங்கிலி அல்ல.) அடுத்த வரியில், வடிவமே வேலையைத் தீர்மானிக்கிறது என்று வரும். அதற்கு எடுத்துக்காட்டாக எப்போதும் வருவது ஹீமோகுளோபின். அந்த வாக்கியம் பொய்யில்லை. ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு நம் தாகேதா குழந்தைக்குப் பதில் சொல்ல முடியாது.

முதலில் வடிவத்தைப் பார்த்துவிடுவோம். பெரியவர்களின் ஹீமோகுளோபினில் நான்கு புரதச் சங்கிலிகள் உண்டு: 141 அமினோ அமிலங்கள் கொண்ட ஆல்பா இரண்டு, 146 கொண்ட பீட்டா இரண்டு. ஒவ்வொன்றும் சுருண்டு மடிந்து, தன் மடிப்புக்குள் ஹீம் என்ற தட்டையான கூட்டுப்பொருளை வைத்திருக்கிறது. ஹீமின் நடுவில் ஓர் இரும்பு அணு. ஆக்சிஜன் வந்து உட்காரும் இடம் அது. நான்கு இடங்களில் ஒன்றில் ஆக்சிஜன் அமர்ந்தால் சங்கிலிகள் ஒன்றின் மீது ஒன்று சற்றே திரும்பி, மீதி இடங்களுக்கு ஆக்சிஜன் வருவதை எளிதாக்குகின்றன. நுரையீரலில் வாரிக்கொள்ளவும் தசையில் விட்டுக்கொடுக்கவும் இந்தத் திருப்பம் தேவை. கேம்பிரிட்ஜில் மேக்ஸ் பெரூட்ஸ் 1937இல் இந்தப் படிகத்தின் மீது எக்ஸ் கதிர் பாய்ச்சத் தொடங்கினார். வடிவம் 1960இல்தான் அச்சேறியது. 1962இல் ஜான் கென்ட்ரூவுடன் சேர்ந்து நோபல் பரிசு பெற்றார்.

பெரூட்ஸ் முடிப்பதற்கு முன்பே வேறொரு வழியாக இந்த மூலக்கூறைப் பிடித்தவர்கள் உண்டு. 1949இல் லைனஸ் பாலிங், ஹார்வி இட்டானோ முதலியோர், அரிவாள் செல் சோகை உள்ளவர்களின் ஹீமோகுளோபின் மின்புலத்தில் வேறு வேகத்தில் நகர்வதைக் காட்டினார்கள். ஒரு நோயின் காரணம் ஒரு மூலக்கூறுக்குள்ளேயே இருக்கிறது என்று சொன்ன முதல் ஆய்வு அது. இட்டானோவைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். 1942இல் பெர்க்லியில் அவர் முதல் மாணவராகத் தேறியபோது பட்டமளிப்பு விழாவுக்கு வர முடியவில்லை. ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர் என்பதற்காக முகாமில் அடைக்கப்பட்டிருந்தார். அதே 1942இல் ஜப்பானியக் குண்டுவீச்சுக்கு அஞ்சி லட்சக்கணக்கான இந்தியர்கள், அவர்களில் நிறையத் தமிழர்கள், பர்மாவிலிருந்து மலைகளைக் கடந்து அசாமை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள்.

அரிவாள் செல் ஆப்பிரிக்க வம்சத்தவரின் நோய் என்றே அப்போது நினைத்தார்கள். 1952இல் ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் நீலகிரியின் பழங்குடியினரிடம் அது இருப்பதைக் கண்டு எழுதினார்கள். லேமன் ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி பிரிட்டன் சேர்ந்த யூத உயிர்வேதியியலாளர். போர்க்காலத்தில் ராணுவ மருத்துவப் பிரிவில் இந்தியாவில் இருந்தவர். இருளர், பணியர், குறும்பர் ஆகியோரிடம் அவர்கள் கண்டது இன்றும் நீலகிரி மாவட்டத்தின் அன்றாட மருத்துவப் பிரச்சினை. கூடலூரின் ஆதிவாசி மருத்துவமனையைக் கேட்டால் சொல்வார்கள்.

அரிவாள் செல் ஹீமோகுளோபினுக்கு எஸ் என்று பெயர். அடுத்து சி, டி வந்தன. 1954இல் இட்டானோவின் குழுவும், தாய்லாந்து நோயாளிகளைச் சோதித்த ஷெர்னாஃப், மின்னிக் குழுவும் தனித்தனியாகக் கண்ட வகைக்கு ஈ என்ற எழுத்து கிடைத்தது. தென்கிழக்கு ஆசியாவில் தேடத் தேட அது வந்துகொண்டே இருந்தது. லேமன் குழு அதை இலங்கையின் வேடர்களிடம் கண்டது. 1956இல் பர்மியரிடம் கண்டதை எழுதியது. பிறகு ரங்கூனிலேயே அவுங் தான் பட்டு போன்ற ஆய்வாளர்கள் பர்மிய மக்களிடையே அதன் பரவலைக் கணக்கெடுத்தார்கள். மியன்மாரில் இனத்துக்கு இனம் அளவு மாறுகிறது: சில குழுக்களில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேர், சிலவற்றில் நான்கில் ஒருவர். தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா மூன்றும் சந்திக்கும் எல்லைப் பகுதியில் பாதிக்கு மேல். மேற்கே வங்கதேசத்திலும் அசாமிலும் நிறைய உண்டு. தமிழ்நாட்டுக்குள் வந்தால் அரிதாகிவிடுகிறது.

இதை ஆய்வகத்தில் எப்படிப் பார்ப்பார்கள்? செல்லுலோஸ் அசிட்டேட் பட்டை ஒன்றில், காரத்தன்மையுள்ள கரைசலில், ரத்தத்தின் சிறு கோட்டை இட்டு மின்சாரம் பாய்ச்சுவார்கள். அந்தக் கரைசலில் ஹீமோகுளோபின் எதிர் மின்சுமை கொண்டிருக்கும். நேர் முனையை நோக்கி நகரும். சாதாரண ஏ முன்னே ஓடும். எஸ் அதற்குப் பின்னே. ஈ இன்னும் பின்னே, ரத்தத்தில் இயல்பாகவே சிறிதளவு உள்ள ஏ2 வகையோடும், மேற்கு ஆப்பிரிக்காவின் சி வகையோடும் ஒரே இடத்தில் போய் நிற்கும். காரணம் எளிது. எஸ் வகையில் பீட்டா சங்கிலியின் 6ஆவது இடத்தில் எதிர் மின்சுமையுள்ள குளூட்டாமிக் அமிலம் போய், மின்சுமையில்லாத வேலின் வந்திருக்கிறது. சி வகையில் அதே 6ஆவது இடத்தில் நேர் மின்சுமையுள்ள லைசின். ஈ வகையிலும் குளூட்டாமிக் அமிலம் போய் லைசின்தான் வந்திருக்கிறது, ஆனால் 26ஆவது இடத்தில். மின்சாரத்துக்கு எவ்வளவு சுமை மாறியது என்பது தெரியும்; எந்த இடத்தில் மாறியது என்பது தெரியாது.

அந்த இடத்தைக் காட்டியவர் வெர்னான் இங்கிரம். டிரிப்சின் என்ற செரிமான நொதி, புரதச் சங்கிலியை லைசினுக்கும் ஆர்ஜினினுக்கும் அடுத்து மட்டுமே வெட்டும். வெட்டிய துண்டுகளைக் காகிதத்தில் ஒருபுறம் மின்சாரத்தாலும் மறுபுறம் கரைப்பானாலும் இழுத்துப் பரப்பினால் புள்ளிகளாக விழும். இரண்டு ஹீமோகுளோபின்களின் புள்ளிக் கோலங்களை ஒப்பிட்டால் எந்தத் துண்டு மாறியது என்பது கண்ணுக்கே தெரியும். எஸ் வகையை அவர் இப்படித்தான் 1956, 1957இல் அவிழ்த்தார். ஈ வகையில் புதிதாக ஒரு லைசின் வந்திருப்பதால் டிரிப்சினுக்குப் புதிதாக ஒரு வெட்டும் இடம் கிடைத்துவிடுகிறது. 18 முதல் 30 வரை ஒரே துண்டாக வர வேண்டியது இரண்டாக வருகிறது. ஜான் ஹன்ட்டும் இங்கிரமும் இதை 1959இல் வெளியிட்டார்கள். ஒரு பெருமூலக்கூறைக் கொண்டு இன்னொன்றைப் படிக்கும் இந்த முறையில் ஒரு அழகு இருக்கிறது. இன்றைய இயந்திரங்கள் கொடுக்கும் எண் வரிசையில் அது இல்லை.

இவ்வளவு தெரிந்தும் ஒரு புதிர் மிஞ்சியது. எஸ் வகை செய்யும் கேடு வடிவத்தால் வருவது. ஆக்சிஜனை விட்ட நிலையில் அந்த வேலின் பக்கத்து மூலக்கூறின் ஒரு பள்ளத்தில் போய் ஒட்டிக்கொள்ள, மூலக்கூறுகள் இழைகளாக நீண்டு சிவப்பணுவையே வளைத்துவிடுகின்றன. ஈ அப்படி ஒன்றும் செய்வதில்லை. 26ஆவது இடம், ஆல்பாவும் பீட்டாவும் இறுகச் சேரும் பக்கத்தை ஒட்டி இருக்கிறது; லைசின் வந்ததால் அந்தப் பிடிப்பு கொஞ்சம் தளர்கிறது, மூலக்கூறு சற்றே நிலையற்றதாகிறது. ஆனால் ஆக்சிஜனைச் சுமப்பதில் பெரிய குறை கிடையாது. பெற்றோர் இருவரிடமிருந்தும் ஈ பெற்றவர்கள்கூட லேசான சோகையோடு, சிறுத்த சிவப்பணுக்களோடு, வயலில் வேலை செய்து பிள்ளை பெற்று வாழ்ந்துவிடுகிறார்கள். இத்தனை சாதுவான மூலக்கூறு ஏன் ரத்தத்தில் அளவில் குறைகிறது? ஒரு ஏ மரபணுவும் ஒரு ஈ மரபணுவும் உள்ளவரிடம் இரண்டும் பாதிப் பாதி இருக்க வேண்டும் அல்லவா? இருப்பதில்லை. ஈ 25 முதல் 30 விழுக்காடுதான். புரதத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இதற்கு விடை கிடைக்காது.

விடை 1982இல் வந்தது. ஸ்டூவர்ட் ஆர்கினும் கூட்டாளிகளும் ஆர்என்ஏவைப் பார்த்தார்கள். மரபணு டிஎன்ஏவிலிருந்து ஆர்என்ஏவாகப் படியெடுக்கப்படும்போது, இடையிடையே புரதத்துக்குத் தேவையில்லாத பகுதிகளும் சேர்ந்து வரும். அவற்றுக்கு இன்ட்ரான் என்று பெயர். அவற்றை வெட்டி எறிந்து மீதியை ஒட்டிய பிறகுதான் புரதம் செய்யலாம். எங்கே வெட்டுவது? தையல்காரர் துணியில் போடும் சாக்குக் கோடு போல, இன்ட்ரான் தொடங்கும் இடத்தில் ஒரு குறிப்பிட்ட எழுத்து வரிசை இருக்கும். ‘ஜி’க்கு அடுத்து வெட்டு, பிறகு ‘ஜிடிஏஏஜிடி’ என்பது ஏறக்குறைய அதன் உத்தம வடிவம். இதை எவ்வளவு ஒத்திருக்கிறதோ அவ்வளவு உறுதியாக வெட்டு விழும்.

பீட்டா மரபணுவின் 25, 26ஆவது இடங்களுக்கான எழுத்துகளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். சாதாரணமாக அவை ‘ஜிஜிடி ஜிஏஜி’. முதல் எழுத்தை விட்டுப் படித்தால் ‘ஜிடிஜிஏஜி’ கிடைக்கிறது. வெட்டுக் கோட்டின் உத்தம வடிவத்துக்குக் கிட்டத்தட்ட, ஆனால் முழுவதும் அல்ல. மங்கிப்போன ஒரு கோடு. செல்லின் வெட்டும் இயந்திரம் பெரும்பாலும் அதைத் தாண்டிப் போய், 30ஆவது இடத்தில் உள்ள உண்மையான கோட்டில் வெட்டுகிறது. ஈ வகையில் 26ஆவது இடத்தின் ‘ஜிஏஜி’, ‘ஏஏஜி’ ஆகிவிட்டது. ஒரே ஓர் எழுத்து. புரதத்தில் குளூட்டாமிக் அமிலம் லைசினாக மாறுவது இதனால்தான். அதே எழுத்து இன்னொரு வேலையையும் செய்துவிடுகிறது. இப்போது முதல் எழுத்தை விட்டுப் படித்தால் ‘ஜிடிஏஏஜி’. மங்கிய கோடு பளிச்சென்று தெரிகிறது. இயந்திரம் சில ஆர்என்ஏக்களை அங்கேயே வெட்டிவிடுகிறது. அப்படி வெட்டியதில் 16 எழுத்துகள் காணாமல் போகின்றன. 16, மூன்றால் வகுபடாத எண். எழுத்துகளை மும்மூன்றாகப் படிக்கும் முறையே அதற்குப் பிறகு தடுமாறிப்போகிறது. அந்த ஆர்என்ஏவால் பீட்டா சங்கிலி செய்ய முடியாது. ஒழுங்காக வெட்டப்பட்டவற்றிலிருந்து மட்டும் ஈ புரதம் வருகிறது. குறைவாக வருகிறது.

ஆக, ஈ இரண்டு தளங்களில் ஒரே நேரத்தில் நிற்கிறது. புரதமாக அது வடிவம் மாறிய ஹீமோகுளோபின். ஆர்என்ஏவாக அது அளவு குறைந்த ஹீமோகுளோபின், அதாவது லேசான பீட்டா தலசீமியா. நான்கு கட்டங்களில் எந்தக் கட்டத்தில் இதை வைப்பது? வடிவத்தைப் படித்தால் வேலை புரியும் என்ற வாக்கியத்தோடு, எவ்வளவு செய்யப்படுகிறது, யாரோடு சேர்ந்து இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்காவிட்டால் அந்த வாக்கியம் பாதி உண்மைதான்.

கணவரிடம் வருவோம். அவர் தாங்கியிருப்பது இந்தியாவில் மிகப் பரவலான பீட்டா தலசீமியா மாற்றம் என்று கொள்வோம். அது முதல் இன்ட்ரானின் 5ஆவது எழுத்தில் ‘ஜி’ போய் ‘சி’ வந்த மாற்றம். புரதத்தின் எந்த அமினோ அமிலத்தையும் அது தொடுவதில்லை. உண்மையான வெட்டுக் கோட்டைக் கிட்டத்தட்ட அழித்துவிடுகிறது. அழிந்ததும் இயந்திரம் வேறு கோடுகளைத் தேடுகிறது. அது பிடித்துக்கொள்ளும் மாற்றுக் கோடுகளில் ஒன்று, மேலே பார்த்த அதே 25ஆவது இடத்துக் கோடு! பர்மிய வழியில் வந்த மாற்றம் போலிக் கோட்டைப் பளிச்சிடச் செய்கிறது. இந்திய வழியில் வந்த மாற்றம் அதற்குப் பதினாறே எழுத்து தள்ளியிருக்கும் மெய்க்கோட்டைக் கிட்டத்தட்ட அழிக்கிறது. வேறு வேறு நாட்டில், வேறு வேறு காலத்தில் ஏற்பட்ட இரண்டு தற்செயல்கள் ஒரே வரியின் இரண்டு முனைகளில் விழுந்திருக்கின்றன.

தனித்தனியாக இருந்தவரை இருவருக்கும் ஒன்றுமில்லை. மனைவியிடம் ஈ தவிர நல்ல பீட்டா மரபணு ஒன்று இருக்கிறது. கணவரிடமும் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு வாய்ப்பு, இருவரின் பழுதும் ஒரே பிள்ளைக்குச் சேர. இந்தக் குழந்தைக்குச் சேர்ந்துவிட்டது. கருவில் பீட்டா தேவையில்லை; காமா என்ற வேறு சங்கிலி வேலை செய்கிறது. பிறந்த பிறகு காமா மெல்ல மெல்ல நின்று, பீட்டா அந்த இடத்துக்கு வர வேண்டிய மாதங்களில்தான் நோய் வெளியே தெரிகிறது. பீட்டா போதிய அளவு வரவில்லை, ஆனால் ஆல்பா வழக்கம்போல் வந்துகொண்டே இருக்கிறது. ஜோடியில்லாத ஆல்பா கரையாமல் படிந்து, எலும்பு மஜ்ஜையிலேயே சிவப்பணுக்களைக் கொன்றுவிடுகிறது. கேட்டைச் செய்வது குறைந்துபோன பீட்டாவைவிட மிஞ்சிப்போன ஆல்பாதான். இதனால் ஒரு விநோதமும் நேர்கிறது: மியன்மாரில் பரவலான ஆல்பா தலசீமியாவும் அதே குழந்தைக்குச் சேர்ந்து வந்தால், ஆல்பா குறைந்து நோய் லேசாகிவிடும். காமா நிற்காமல் தொடரும் குழந்தைகளுக்கும் அப்படியே.

ஒரே பெயர் கொண்ட இந்த நோய் ஒரு பிள்ளைக்கு மாதாமாதம் ரத்தமும், இன்னொரு பிள்ளைக்கு ஒன்றுமே தேவைப்படாத வாழ்வும் தருவது ஏன் என்று இலங்கையில் டேவிட் வெதரால், நான்சி ஒலிவியேரி, அனுஜா பிரேமவர்தன ஆகியோர் நெடுங்காலம் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். குருநாகல் தலசீமியா மையம் அந்த ஆய்வுகளின் களம். அவர்கள் காட்டியதில் முக்கியமானது, ஹீமோகுளோபின் எண்ணைப் பார்த்த உடனே ரத்தம் ஏற்றத் தொடங்கிவிடக் கூடாது, பிள்ளை எப்படி வளர்கிறது, எப்படி நடமாடுகிறது என்று பொறுத்துப் பார்க்க வேண்டும் என்பது. தேவையில்லாமல் ஏற்றிய ஒவ்வொரு பை ரத்தமும் இதயத்திலும் கல்லீரலிலும் இரும்பைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

இவ்வளவு கேடு தரக்கூடிய எழுத்து ஏன் அழியாமல் இத்தனை பேரிடம் இருக்கிறது? மலேரியாதான். ஒரு ஏ, ஒரு ஈ உள்ளவர்களின் சிவப்பணுக்களில் ஒரு சிறு பகுதிக்குள்தான் ஃபால்சிபாரம் ஒட்டுண்ணியால் புக முடிகிறது என்று 2002இல் பாங்காக்கில் காட்டினார்கள். தாய்லாந்தில் அந்த மாற்றத்துக்கு வயது ஏறக்குறைய 1,200 முதல் 4,400 ஆண்டுகள் என்று மரபணு வரிசைகளிலிருந்து 2004இல் கணித்தார்கள். நீலகிரிக் காட்டில் 6ஆவது இடத்து வேலினைக் காப்பாற்றி வைத்திருப்பதும் மலேரியாதான். ஒரே ஒட்டுண்ணிக்கு எதிராக இரண்டு நிலங்கள் இரண்டு விடைகளைத் தேடிக்கொண்டன. இரண்டில் தென்கிழக்கு ஆசியாவின் விடை விலை குறைந்தது என்பது என் கருத்து. இரட்டையாக வந்தாலும் ஈ ஆளைக் கொல்வதில்லை. தலசீமியாவோடு சேரும்போதுதான் விலை கூடுகிறது.

2010இல் ஒரு செய்தி வந்தது. பீட்டா தலசீமியாவுக்கான மரபணு மாற்று சிகிச்சையில், ரத்தம் ஏற்றிக்கொள்வதை முதன்முதலாக நிறுத்த முடிந்த நோயாளி பிரான்சில் 2007இல் சிகிச்சை பெற்ற ஓர் இளைஞர். அவருக்கு இருந்தது ஈயும் பீட்டா தலசீமியாவும் சேர்ந்த இதே நோய். அதன் பிறகு வந்த சிகிச்சைகளின் விலை கோடிக்கணக்கில் இருக்கிறது. தாகேதாவுக்கு அது இப்போதைக்கு வராது. வரக்கூடியது இரண்டு மலிவான சோதனைகள். ஒன்று, தாய்லாந்தில் வழக்கத்தில் உள்ள டிசிஐபி சாயச் சோதனை: நீலச் சாயக் கரைசலில் ரத்தத்துளியைக் கலந்து சற்று நேரம் இளஞ்சூட்டில் வைத்தால், நிலையற்ற ஈ படிந்து கரைசல் கலங்கிவிடும். மனைவியின் ரத்தம் அதில் கலங்கும். கணவரின் ரத்தம் கலங்காது, அவரிடம் ஈ இல்லையே. அவரைப் பிடிக்க சிவப்பணுவின் அளவையும் ஏ2 விகிதத்தையும் பார்க்க வேண்டும், 3.5 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் அவர் தாங்கி. கர்ப்பிணிக்கு மட்டும் சாயச் சோதனை செய்துவிட்டு, ‘ஈதான், பயப்பட ஒன்றுமில்லை’ என்று அனுப்பும் மருத்துவமனை பாதி வேலையைத்தான் செய்திருக்கிறது. அவளுக்கு எழுதிக்கொடுத்த இரும்பு மாத்திரையை, உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு பார்க்காமல் தொடர்வதையும் நிறுத்தலாம். கூட்டி வரவேண்டியது அவள் கணவரை, முதல் மூன்று மாதங்களுக்குள்.